பேத்தியின் கையில் எந்தக் கதை?

புதுச்சேரி நகரின் வடமேற்கே, தொழிற்பேட்டையும் சரக்கு லாரிகளின் முனையமும் அமைந்த பகுதி மேட்டுப்பாளையம். பகல் முழுதும் இயந்திர ஓசையும் லாரிகளின் இரைச்சலும் ஓயாத அவ்விடத்திலும், விளக்கு வைக்கும் வேளையில் கோயில் மணி ஒலிக்கத்தான் செய்கிறது. பிரதோஷம், கிருத்திகை, வெள்ளிக்கிழமை என்று சந்நிதிக்கு வரும் மூத்த பெண்மணிகள், தீபாராதனை முடிந்து திருநீறும் குங்குமமும் பெற்ற பின்னர் உடனே கலைந்துவிடுவதில்லை. பிராகாரத்தில் சற்று நேரம் அமர்ந்து பேசுவது நம் நாட்டில் எல்லாக் கோயில்களிலும் உள்ள வழக்கமே. முழங்கால் வலியில் தொடங்கும் அந்தப் பேச்சு, பெரும்பாலும் பேரன் பேத்திகளில் வந்து முடியும்.

அண்மைக் காலமாக அப்பேச்சில் ஒரு கவலை அடிக்கடி எழுகிறது. ஆங்கில வழியில் பயிலும் பேத்தி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். கைப்பேசியை விட்டால் வேறு துணை அறியாள். பெரியபுராணத்தை எடுத்துக் கொடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறாள். "கதைப் புத்தகம் ஏதாவது இருந்தால் கொடு, ஆயா" என்று அவளே கேட்கும் நாளும் வருகிறது. கேட்டவுடன் ஆயாவுக்குத் தயக்கம் பிறக்கிறது. நாவல் என்றால் பெண் பிள்ளை கெட்டுப் போவாளோ என்ற பழைய அச்சம் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தயக்கத்திற்குச் சேக்கிழார் பெருமான் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. சோழ மன்னன் அநபாயன் சீவக சிந்தாமணியின் சுவையில் மூழ்கிக் கிடந்தான் என்றும், அமைச்சராக இருந்த சேக்கிழார் அதனைக் கண்டு வருந்தினார் என்றும் மரபு கூறுகிறது. அவர் மன்னனிடம் கதை படிப்பதையே விட்டொழிக்குமாறு சொல்லவில்லை. அதனினும் உயர்ந்த கதையை, திருத்தொண்டர்களின் கதையைத் தாமே தில்லையில் இருந்து பாடிக் கொடுத்தார். கதையின் மேல் உள்ள ஆசையை அடக்க முனையாமல், நல்ல கதையைக் கையில் வைப்பதே பெரியோர் காட்டிய வழி. அப்படியானால் எந்தக் கதையை வைப்பது என்பதே கேள்வி.

தமிழில் நாவல் என்னும் வடிவம் தோன்றியபோதே அது பெண்களை நினைத்துத்தான் தோன்றிற்று எனலாம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டில் அச்சேறியது. அவர் கிறிஸ்தவர், ஆயினும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் உற்ற நண்பர், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடம் பெருமதிப்பு உடையவர். பெண்கல்விக்காகத் தனி நூலே எழுதியவர். அவருடைய நாவலில் வரும் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். இன்று அந்நூலை ஒரே மூச்சில் படிப்பது கடினம். இடையிடையே நீதிக் கதைகள் வந்து வழியை மறிக்கும். ஞானாம்பாள் அரசாளும் பகுதியை மட்டும் எடுத்துப் பேத்திக்குப் படித்துக் காட்டினால் போதும். மிச்சத்தை அவள் பிறகு தேடிப் படித்தாலும் படிப்பாள்.

கோயிலுக்குச் செல்லும் குடும்பத்தினர் அவசியம் அறிய வேண்டியது அதற்கடுத்து வந்த நாவல். வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜமையர், இருபத்தொரு வயதில் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1893இல் தொடங்கிய தொடர் 1895இல் முடிந்து, மறு ஆண்டு நூலாயிற்று. மதுரைச் சீமையில் சிறுகுளம் என்னும் கிராமம். அங்கே முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் என்று ஒரு தம்பதி. செல்வமும் செல்வாக்கும் உள்ள வீடு. ஊர்ப் பெண்கள் கூடி வம்பு வளர்க்கும் இடங்களும், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களும் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தும் சிரிப்பை வரவழைக்கின்றன. வாய்விட்டுச் சிரிக்காமல் அந்தப் பக்கங்களை எவரும் கடக்க முடியாது. அதன்பின் வீட்டில் இடி மேல் இடி விழுகிறது. பிள்ளை காணாமற் போகிறான், பொருள் போகிறது, இறுதியில் கமலாம்பாள் மேல் பொய்யான பழியும் வந்து சேர்கிறது. கதைக்கு ஆசிரியர் இட்ட மற்றொரு பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பதாகும்.

வம்புக்காகச் சொல்லப்பட்ட ஒரு சொல், குற்றமற்ற ஒருத்தியின் குடும்பத்தை எவ்வளவு தூரம் கொண்டு போய் நிறுத்தும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய தமிழ் நாவல் அரிது. கைப்பேசியில் யாரோ எவரைப் பற்றியோ எழுதிய அவதூறு ஒரே இரவில் ஊர் முழுதும் பரவும் இந்நாளில், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தக் கதையில் புரியாதது ஒன்றும் இராது. சிறுகுளத்தில் ஆற்றங்கரையிலும் திண்ணையிலும் நடந்ததுதான் இன்று அவள் கைக்குள் நடக்கிறது.

ராஜமையர் அத்துடன் நிற்கவில்லை. துன்பத்தின் அடியில் விழுந்த மனிதன் குருவின் அருளால் எழுவதைக் கதையின் பிற்பகுதியில் காட்டுகிறார். அது ஒட்டவைத்த வேதாந்தம் என்று குறை கூறும் திறனாய்வாளர்களும் உண்டு. ஆனால் அதை எழுதியவர் வெறும் ஏட்டு வேதாந்தி அல்லர். சுவாமி விவேகானந்தரின் தூண்டுதலால் 1896இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தவர் இந்த இளைஞரே. 1898இல், இருபத்தாறு வயதில் அவர் மறைந்தார். அதன்பின்னரே அவ்விதழ் இமயத்து அல்மோராவுக்கு மாறிற்று. அவர் எழுதி முடித்த தமிழ் நாவல் இது ஒன்றே. ராமகிருஷ்ண மடத்து வெளியீடுகளை வாங்கிப் படிக்கும் அன்பர்கள் பலர், அந்த இதழின் முதல் ஆசிரியர் நாவலாசிரியர் என்பதை அறிந்ததில்லை.

இதே காலத்தில் எழுதப்பட்ட வேறொரு நூலைக் குறித்துப் பெரியோர் சற்று மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அ. மாதவையாவின் 'முத்து மீனாட்சி' என்பது அது. 1892இல் இதழ் ஒன்றில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற பெயரில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கதை, 1903இல் இந்த வடிவில் வெளிவந்தது. பால்ய விவாகம் செய்து வைக்கப்பட்ட ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். புக்ககத்துக் கொடுமை, கணவனின் மரணம், விதவைக் கோலம், பின்னர் மறுமணம் என்று கதை செல்கிறது. ஆசாரமான வீடுகளில் அன்று இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்ததில் வியப்பில்லை. "இதையெல்லாம் குழந்தைகள் ஏன் படிக்க வேண்டும்? அந்தக் காலம்தான் போய்விட்டதே" என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு.

ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று எண்பது வயதைத் தொடும் பெண்மணிகளில் பலர், தங்கள் வீட்டில் அப்படி ஒரு அத்தையையோ பெரியம்மாவையோ பார்த்தவர்களே. முக்காடிட்டுக் கொல்லைப்புறத்து அறையில் வாழ்ந்து, ஒருவேளை மட்டும் உண்டு, ராமநாமம் சொல்லியே காலத்தைக் கழித்த அந்த முதியவளின் மடியில் வளர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு ராமாயணமும் பாகவதமும் கதையாகச் சொல்லிக் கொடுத்தவள் பெரும்பாலும் அவளே. திருமணக் கூடத்தில் மட்டும் அவளுக்கு இடம் இருந்ததில்லை. அவளைப் பற்றிப் பேத்திகளிடம் யாரும் பேசுவதில்லை. புகைப்படம்கூட இருப்பது அரிது. 'முத்து மீனாட்சி'யைப் பேத்தி படித்துவிட்டு, "நம் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தார்களா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை இன்றைய பாட்டிமார்தான். நம் குடும்பத்துப் பக்தியை நமக்குக் கொடுத்தவளின் கண்ணீரை மறைப்பது பக்திக்கு அழகன்று. சற்று விவரம் தெரிந்த வயதில், பதினாறு பதினேழில், இதைக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு அருகில் இருக்க வேண்டும்.

பெண்ணே எழுதிப் பெண்களே காத்திருந்து படித்த கதைகள் என்றால், முதலில் நினைவுக்கு வருபவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயது கடந்தவுடன் திருவல்லிக்கேணி வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். பள்ளிக்கூடம் சென்றவரல்லர். புக்ககம் வந்த பிறகே, கணவரின் துணையாலும் வீட்டுப் பெரியோரின் துணையாலும் கல்வி பெற்றார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வதுண்டு. பார்த்த நாடகம் மனத்தில் தங்கித் தாமும் ஒன்று புனைய வேண்டும் என்ற ஆவல் எழுந்தபோது, அவருக்குச் சரளமாக எழுத வராது. தோழி பட்டம்மாளை அருகில் அமர்த்தி, தாம் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். அப்படிப் பிறந்ததே 'இந்திர மோகனா' என்னும் நாடகம். பின்னர் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, அதில் 'வைதேகி' என்னும் நாவலைத் தொடராக எழுதினார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த இதழ் நடந்தது. அவர் எழுதிய நாவல்கள் 115.

எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அத்தனையும் இன்று படிக்கத் தக்கவை என்று சொல்வது மிகையாகும். திடீர் திருப்பங்களும் தற்செயல் சந்திப்புகளும் நிறைந்த கதைகள் அவை. ஒன்றிரண்டைப் படித்தால் மற்றவற்றின் போக்கு விளங்கிவிடும். எனினும் சேலத்திலும் கும்பகோணத்திலும் புதுச்சேரியிலும், சமையற்கட்டின் வாசற்படியில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் எத்தனையோ பேருக்குத் தமிழ் எழுத்து பழகியது இத்தகைய கதைகளால்தான். நாவலைப் படிப்பதற்காகவே எழுத்துக் கற்றார்கள். அதன் பிறகு திருப்பாவையையும் கந்த சஷ்டி கவசத்தையும் தாமே புத்தகத்தைப் பார்த்துப் பாராயணம் செய்தார்கள். அம்மையார் தேச விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். இசைப் பயிற்சி மிக்கவர். பெண்கள் மேடையேறிப் பேசத் தயங்கிய காலத்தில் பேசியவர். 1960இல் மறைந்தார். பேத்திக்கு அவருடைய நாவலைக் கொடுப்பதைவிட, அவருடைய வாழ்க்கையைக் கதையாகச் சொல்வது மேல்.

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்து, ஊசி நூலால் தைத்துப் புத்தகமாக்கி வைத்த வழக்கத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சித்திரங்களும் இடையிடையே விளம்பரங்களும் கூடிய அந்தத் தையல் புத்தகங்களில் 'கல்கி'யின் கதைகளே மிகுதி. அவற்றுள் எதை முதலில் கொடுப்பது என்று கேட்டால், பலரும் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை நீண்ட, ஐந்து பாகங்கள் கொண்ட அந்தப் பெருங்கதை, தமிழ் தடுமாறும் பிள்ளைக்கு மலைப்பைத் தரும். 'பார்த்திபன் கனவு' சிறியது, ஓட்டம் மிக்கது. பதின்மூன்று வயதுக்கு அதுவே ஏற்றது. அதன்பின் 'சிவகாமியின் சபதம்'. அதுவும் முடிந்தபின் பொன்னியின் செல்வனை அவளே கேட்பாள்.

'சிவகாமியின் சபத'த்தைக் கோயில் வழிபாடுடைய குடும்பத்தினர் படிப்பதற்கும் பிறர் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. கல்வி கற்கக் காஞ்சிக்கு வந்து சேரும் கிராமத்து இளைஞன் பரஞ்சோதி, நரசிம்மவர்ம பல்லவனின் படைத்தலைவனாகி வாதாபியை அழிக்கிறான் என்பதுடன் மற்றவர்களுக்கு அவன் கதை நிறைவுறும். பெரியபுராணம் அறிந்தவர்களுக்கு அங்கேதான் அது தொடங்குகிறது. அந்தப் பரஞ்சோதியே பின்னாளில் திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுதிட்ட சிறுத்தொண்ட நாயனார். நாவுக்கரசர் பெருமானும் இக்கதையில் வருகிறார். பேத்தி நாவலை முடித்த வாரத்தில், சிறுத்தொண்டர் புராணத்தைப் பாட்டி சொல்லத் தொடங்கினால், இரண்டு பக்கத்தில் மூடி வைத்த பெரியபுராணம் மீண்டும் திறக்கும். வாய்ப்புள்ளவர்கள் திருச்செங்காட்டங்குடிக்கே ஒருமுறை அழைத்துச் செல்லலாம்.

'பொன்னியின் செல்வ'னிலும் இவ்வாறே செம்பியன் மாதேவி வருகிறார். கண்டராதித்த சோழரின் துணைவியான அப்பெருமாட்டி செங்கற் கோயில்கள் பலவற்றைக் கருங்கற் கோயில்களாக்கியவர். அவருடைய கணவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. இவர்கள் வரலாற்று மாந்தர். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனைப் படைப்புகள். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே தீர வேண்டும். திரைப்படமாகவும் வந்துவிட்ட பிறகு, நந்தினி உண்மையில் வாழ்ந்தவள் என்றே எண்ணுவோர் பெருகிவிட்டனர்.

சோழர் வரலாற்றைக் காணப் புதுச்சேரிக் குடும்பத்தினர் தஞ்சைவரை செல்ல வேண்டியதில்லை. பாகூர் மூலநாதர் கோயிலின் கல்வெட்டுகளில் சோழர்களும், அவர்களை 949இல் தக்கோலப் போரில் வென்ற இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனும் பேசப்படுகிறார்கள். சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த அந்தப் போரைக் கல்கியும் தம் கதையில் நினைவுகூர்கிறார். அதே பாகூருக்கு இன்னொரு பெருமை உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று, அங்கிருந்த வித்யாஸ்தானத்திற்கு, அதாவது கல்விக்கூடத்திற்கு, மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைக் கூறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பாகூர் ஒரு காலைப்பொழுதில் போய் வரக்கூடிய தொலைவுதான். நாவலைப் படித்த கண்ணோடு அந்தக் கோயில் சுவரைப் பார்க்கும் பிள்ளைக்கு, கல்லெழுத்து வெறும் கீறலாகத் தெரியாது.

புதுச்சேரிக்கே உரிய நாவல்களும் உள்ளன. பிரபஞ்சன் புதுச்சேரியில் 1945இல் பிறந்தவர். அவருடைய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய இரு நாவல்களும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டாவது நூலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் தாம் மறையும் 1761 வரை அன்றாட நிகழ்ச்சிகளை எழுதி வைத்தார். பழைய வேதபுரீசுவரர் ஆலயம் 1748இல் இடிக்கப்பட்ட துயரத்தை நாளும் நேரமுமாகப் பதிந்து வைத்ததும் அந்த நாட்குறிப்பே. இன்று ஈசுவரன் கோயில் தெருவில் வேதபுரீசுவரரை வணங்கிவிட்டு வரும் பக்தர்களில், அந்தச் சந்நிதிக்குப் பின்னே இத்தகைய வரலாறு இருப்பதை அறிந்தவர் சிலரே. வேதபுரி என்ற பெயரே புதுச்சேரிக்கு உண்டு.

பிரபஞ்சனின் நாவல்களை வீட்டிலுள்ள மகளும் மருமகளும் படிக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு அவை உரியவை அல்ல. தேவதாசியர் வாழ்வு, ஆட்சியாளரின் பேராசை, அடிமை வாணிகம் என்று கடுமையான செய்திகள் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. ஆனால் தினமும் கடந்து போகும் தெருக்களில் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் யார் நடந்தார்கள் என்று அறிவதில் ஒரு சிலிர்ப்பு இருக்கிறது.

கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தம் வாழ்வின் பிற்பகுதியைக் கழித்ததும் புதுச்சேரியில்தான். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு வருகைப் பேராசிரியராக வந்தவர், 2021இல் மறையும் வரை இவ்வூரிலேயே தங்கிவிட்டார். மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள இலாசுப்பேட்டையில் அவர் வாழ்ந்தார். அவருடைய 'கோபல்ல கிராமம்' வீட்டில் எல்லாரும் சேர்ந்து படிக்கத் தக்க நூல். நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் என்னும் பூட்டி, தம் முன்னோர் தெலுங்குச் சீமையை விட்டுத் தெற்கே வந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். ஆள்வோன் ஒருவனின் கண் பட்ட பெண்ணைக் காப்பதற்காக ஊரையும் உடைமையையும் விட்டு ஒரு குடும்பமே இரவோடு இரவாகப் புறப்படுகிறது. துரத்தி வருவோர் நெருங்கும்போது, கரையில் நின்ற மரம் தானே வளைந்து ஆற்றைக் கடக்க வழி விடுகிறது. அந்த மரத்தைத் தெய்வமென்று நம்புவதா, கதையென்று ரசிப்பதா என்று ஆசிரியர் எங்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. பேச்சு வழக்கில் எழுதப்பட்டதால் தமிழ் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் சற்றுக் கடினமாக இருக்கும். பாட்டி வாய்விட்டுப் படித்தால் அந்தத் தடை நீங்கிவிடும். ஏனெனில் அது காதால் கேட்பதற்கென்றே எழுதப்பட்டது போன்ற நூல்.

இனிச் சிலவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மருத்துவம் பயிலும்போது கல்லூரிச் செலவுக்காகவே 'ஆனந்த விகட'னில் தொடர்கதை எழுதத் தொடங்கிய 'லக்ஷ்மி' என்னும் டாக்டர் திரிபுரசுந்தரியின் 'பெண் மனம்', 'மிதிலா விலாஸ்', 'காஞ்சனையின் கனவு' ஆகியவை மூத்த பெண்மணிகள் ஏற்கெனவே அறிந்தவையே. அவற்றை மருமகளிடம் கொடுத்தால், மாமியாருக்கும் அவளுக்கும் பேச நல்லதொரு பொருள் கிடைக்கும். மாமனாரின் ஊக்கத்தால் எழுத்துக்கு வந்த அநுத்தமாவின் 'கேட்ட வரம்', ராம பஜனையும் ஸ்ரீராமநவமி உற்சவமும் ஊரின் உயிராக இருக்கும் ஒரு கிராமத்தின் கதை. பஜனை மடத்தோடு தொடர்புடையவர்கள் அதில் தம் இளமையையே காண்பார்கள். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்த நாளில், பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டவர்கள் பலர். தந்தையை இழந்து, தம்பி தங்கையரைத் தாங்கி நிற்கும் பூரணி, இன்றைய பெண்ணுக்குச் சற்று மிகையான இலட்சிய வடிவமாகத் தோன்றக்கூடும். தோன்றட்டும், அதைப் பற்றி அவள் பாட்டியோடு வாதிடட்டும்.

பதினைந்து வயதில் மணமாகி, முறையான உயர்கல்வி இல்லாமலேயே எழுத்தாளரான ராஜம் கிருஷ்ணன் வேறு வகை. நேரில் சென்று தங்கி, மக்களோடு பழகிய பின்னரே எழுதுவது அவர் வழக்கம். நீலகிரிப் படகர்களின் மூன்று தலைமுறை வாழ்வைக் கூறும் 'குறிஞ்சித் தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' ஆகியவற்றைக் கல்லூரி செல்லும் பெண்களுக்குக் கொடுக்கலாம். நைவேத்தியத்தில் நாம் சேர்க்கும் உப்பை வாரி எடுப்பவளின் கால் எப்படி இருக்கும் என்று அந்த நாவலைப் படித்தவருக்குத்தான் தெரியும்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பற்றியும் கேள்வி எழும். கும்பகோணத்துத் தெருக்களும் காவிரியும் சங்கீதமும் மணக்கும் அந்த நாவல் தமிழின் உயர்ந்த படைப்புகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. எனினும் அது பள்ளிச் சிறுமிக்கு உரியதன்று. அலமாரியில் பூட்டி மறைக்கவும் வேண்டியதில்லை; மறைத்த புத்தகத்தைத்தான் பிள்ளைகள் முதலில் தேடுவார்கள். இன்றைய பாட்டிமாரில் எத்தனை பேர் அரிசிப் பானைக்குப் பின்னே ஒளித்து வைத்துத் தொடர்கதை படித்தவர்கள் என்பதை அவர்களே அறிவார்கள்.

புத்தகம் கிடைப்பதில் இந்நாளில் பெரும் இடர் இல்லை. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவாகவே வெளியிடுகின்றன. புதுச்சேரியில் 1827ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பழம்பெரும் நூலகம் உள்ளது. 1966இல் அதற்கு ரொமேன் ரோலந்து நூலகம் என்று பெயரிட்டார்கள். ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர், சுவாமி விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதி மேலை நாட்டாருக்கு அவர்களை அறிமுகம் செய்த பேராசிரியர் அவர். அவரும் நாவலாசிரியரே, 1915ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர்.

கொடுக்கும் முறையிலும் சிறிது கவனம் வேண்டும். பிறந்தநாள் பரிசாகக் கட்டுப் புத்தகங்களை வாங்கி அடுக்குவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. படித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன கற்றாய்?" என்று கேட்பது அதைவிடக் கெடுதல், அடுத்த புத்தகத்தை அந்தப் பிள்ளை தொடவே தொடாது. கண்புரை மறைக்கிறது, எழுத்துச் சிறிதாக இருக்கிறது என்று சொல்லி, "நீ ஒரு அத்தியாயம் படி, நான் கேட்கிறேன்" என்று பேத்தியிடம் நீட்டுவதுதான் எளிய வழி. பலருக்கு அது சாக்கும் அன்று, உண்மையே. முதல் வாரம் அவள் தடுமாறுவாள். வார்த்தைக்கு வார்த்தை திருத்தாமல் பொறுத்துக் கேட்க வேண்டும். ஒருநாள் இரவு, பரஞ்சோதி காஞ்சிக் கோட்டைக்குள் நுழையும் இடத்தில் பாட்டிக்குத் தூக்கம் வந்துவிடும்; மறுநாள் காலை கோலம் போட எழுந்து பார்த்தால், அவள் அடுத்த மூன்று அத்தியாயங்களைத் தனியே படித்து முடித்திருப்பாள்.